ஐம்பது மார்க் வாங்கிய நெஞ்சு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் செய்யும்போது எதையாவது தொட வேண்டும் என்பார்கள். ஆகவே லிஃப்ட்காரருடைய மாத்திரை டப்பாவைத் தொட்டுச் சத்தியம். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா அது. எல்லா அறையையும் தனித்தனியாகத் தொட்டாகிவிட்டது. இதற்கு மேலும் நம்பாதவர்கள் பாடு, அவர்களைப் பெற்றவர்கள் பாடு.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் அல்ல. பழுது பார்க்கிறவர். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த இருட்டுக் கிணற்றுக்குள் இறங்கி, வடத்தைத் தடவிப் பார்த்து, கதவுச் சக்கரத்தை மாற்றிவிட்டுக் கரிக்கையோடு வெளியே வருகிறவர். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் தன் கையில்தான் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அவர் மனைவி கணக்கு டீச்சர். தொண்ணூறுக்குக் கீழே வாங்கிய விடைத்தாளை டீச்சர் கையால் தொட மாட்டார். இடுக்கியில் பிடித்துத்தான் கொடுப்பார்.

லிஃப்ட்காரருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். தலைமுடி, புருவம், மூக்கு முடி எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. கடைசியில் கட்டியும் போயிற்று. ஸ்கேன் பார்த்தவர் கட்டி துளிகூட இல்லை என்று சொன்ன அன்று, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீடே மூச்சு விட்டது. அந்த மூச்சில் ஜன்னல் திரைகள் வெளிப்பக்கமாகப் பறந்ததை எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மூச்சை முழுதாக விட்டு முடிப்பதற்குள் நெஞ்சு டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அந்தச் சிவப்பு மருந்து கட்டியைக் கரைத்த கையோடு சிலருக்கு நெஞ்சையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகுமாம். நெஞ்சு டாக்டர் சின்ன வயசுப் பெண். நெஞ்சு துடிப்பதைத் திரையில் காட்டுகிற எக்கோ எடுத்துப் பார்த்தார்.

"பம்பிங் கொஞ்சம் இறங்கியிருக்கு. அம்பது சதவீதம்" என்றார்.

டீச்சர் அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தார். ஐம்பது என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் எவ்வளவோ சொன்னார். மாத்திரை எழுதினார். தினமும் நடங்க என்றார். கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுப் படியும் ஏறலாம், ஏறும்போது பேச முடியணும், பேச்சு வராம மூச்சு வாங்கினா நின்னுடணும் என்றார். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கால் வீக்கம் எது வந்தாலும் உடனே வரச் சொன்னார். சிகரெட் வாசனைகூட ஆகாது என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு எக்கோ. அதைப் பார்த்துத்தான் வேலைக்குப் போவதைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார். இத்தனையில் டீச்சர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: உப்பைக் குறையுங்க.

லிஃப்ட்காரர் அழவில்லை, அழுகிற டீச்சரைப் பார்த்துக்கொண்டே காதில் விழுந்தவரை கேட்டுக்கொண்டார். ஆனால் கேள்வி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஐம்பது என்றால் பாதி. எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்டில் இனி நாலு பேர்தான் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டால் என்ன அர்த்தமோ, அதுதான் தன் நெஞ்சுக்கும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

கம்பெனி மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நெஞ்சு டாக்டர் சரி என்றால் கிணற்றுக்குள் இறங்கலாம். இல்லையென்றால் புகார் மேசை. "லிஃப்ட் வரலீங்க" என்று ஃபோனில் புலம்புகிறவர்களிடம் "வந்துடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றபோது ஆளையும் நாற்காலியையும் பிரிக்க முடியாமல் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே லிஃப்ட்காரருக்கு இருக்கிற பாதி நெஞ்சும் அடைத்தது.

வீட்டில் டீச்சரின் தம்பி வந்து இறங்கினான், மாமாவைப் பார்த்துக்கொள்வதற்காக.

"அம்பது ஒண்ணும் மோசமில்லக்கா. முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு" என்றான் வந்த அன்றே.

"நீ எடுத்த முப்பத்தஞ்சுக்கு என்னடா வேலை கிடைச்சுது?"

"இதோ, மாமாவைப் பாத்துக்கற வேலை."

"ஏம்ப்பா, அது என் நெஞ்சா, இல்ல ஒங்க வீட்டு ரிப்போர்ட் கார்டா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க பேசாதீங்க. பேசினா நெஞ்சு களைச்சுப் போகும்" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து அவர் அரை ஆள். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் டம்ளரை மச்சான் தூக்கிக் கொடுத்தான். செய்தித்தாளைப் பக்கம் புரட்டவும் மச்சான்தான். அவன் படிக்கிற வேகத்துக்கு, முதல் பக்கத்தில் ஆட்சியில் இருந்தவர்கள் கடைசிப் பக்கம் வருவதற்குள் கவிழ்ந்துவிட்டார்கள். ஃபோனில் எவனோ அனுப்பியதைப் பார்த்து தினம் ஒரு பச்சைச் சாறு அரைத்தான். "டாக்டரைக் கேட்டியா?" என்றால் "இலைதானே மாமா, இலை என்ன பண்ணும்?" என்பான். லிஃப்ட்காரர் அதை ஜன்னல் வழியாகத் தொட்டியில் ஊற்றினார். தொட்டிச் செடி மறுநாளே தொட்டியோடு நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

உப்பு விஷயம் இன்னும் மோசம். டாக்டர் சொன்னது குறைக்கத்தான். டீச்சர் உப்பு என்ற சொல்லையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்த வீட்டுக் குப்பைத்தொட்டிகூட அதை வாங்க மறுத்து மூடியை இறுக்கிக்கொண்டது. ராத்திரி கடிக்க வந்த கொசு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மச்சான் பக்கம் போய்விட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது நடை விஷயம்.

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க. படிகூட ஏறலாம்னாங்க. என் ரெண்டு காதால கேட்டேன்."

"அது முழு நெஞ்சு இருக்கறவங்களுக்கு" என்றார் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"முழு நெஞ்சு இருக்கறவன் எதுக்கு நெஞ்சு டாக்டர்கிட்டப் போறான்?"

"குறுக்குக் கேள்வி கேக்காதீங்க. நாற்காலியில உக்காருங்க."

"இப்படியே உக்காந்தா மூணு மாசத்துல மேனேஜர் போடற நாற்காலியிலயும் உக்கார வேண்டியதுதான்."

"உக்காந்தா என்ன? உசிரோட உக்காருவீங்கல்ல."

கட்டி இருந்தபோது எல்லாரும் அவரிடம் தைரியமாக இருங்கள் என்றார்கள். கட்டி போன பிறகு ஒருவரும் அவரை அப்படி இருக்க விடவில்லை. பேயை ஓட்டியவனே பிசாசாக வந்து திண்ணையில் குடியேறிய கதை.

அவர்கள் குடியிருந்தது ஏழாம் மாடியில். டீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு, மச்சான் பச்சைச் சாற்றின் மிச்சத்தைத் தானே குடித்துவிட்டுக் குறட்டை விடுவான். அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் பூனை மாதிரி வெளியே வந்து ஒரு மாடி இறங்கி ஏறினார். முதல் நாள் அந்த ஒரு மாடியை ஏறி முடிப்பதற்குள் கையிலிருந்த அன்றைய செய்தித்தாள் பழைய பேப்பராகி, எடைக்கு எடுக்கிறவன் வந்து விலை கேட்டான். ஆனாலும் விடவில்லை. சில நாள் கழித்து இரண்டு மாடி. பிறகு மூன்று. மூச்சு வாங்கினால் படியிலேயே உட்கார்ந்தார்; அடங்கிய பிறகு எழுந்தார்.

தரைத்தளம் வரை இறங்கிய அன்றுதான் மாட்டிக்கொண்டார். வாசல் காவலாளிக்கு விசில் என்று பெயர். ஊதாத நேரத்திலும் அது வாயில்தான் இருக்கும். டீச்சர் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்.

"படி ஏறக் கூடாது சார். டீச்சர் உத்தரவு" என்று சொல்லி, லிஃப்டுக்குள் அவரைத் தள்ளி, வெளியிலிருந்தே கையை நீட்டி ஏழாம் மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டான்.

வாழ்நாளெல்லாம் லிஃப்டை ஓட வைத்தவரை லிஃப்டே அள்ளிக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அவருக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. கண்ணாடி கொஞ்சம் கறுத்துவிட்டது.

லிஃப்ட் கதவின் ஓரத்தில் ஒரு கண் உண்டு. எதிரே ஆள் நிற்பது தெரிந்தால் கதவை மூடவிடாது. மறுநாள் அவர் ஏழாம் மாடிக்கு லிஃப்டை வரவழைத்து, அந்தக் கண் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டினார். கதவு மூடப் பார்க்கும், ஆள் நிற்பதாக நினைத்துத் திறக்கும். மூடப் பார்க்கும், திறக்கும். லிஃப்ட் ஏழாம் மாடியை விட்டு நகராது. அவர் படியிறங்கி, தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"லிஃப்ட் ஏழுலயே நிக்குது சார்" என்றான் விசில், தலையைச் சொறிந்துகொண்டு.

"அடடா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார் லிஃப்ட்காரர். மேலே போனதும் டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பழுது பார்க்க, அவருடைய இடத்தில் தற்காலிகமாக இருந்த பையன் வருவான். அவனைக் கிரீஸ் என்றால்தான் கம்பெனியில் தெரியும். அவன் வரும்போது லிஃப்ட் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒண்ணுமே இல்லைண்ணே. எல்லாம் கழட்டிப் பாத்துட்டேன்" என்று அவன் லிஃப்ட்காரரிடமே வந்து புலம்பினான். "தினம் ஒரு மணி நேரம் நிக்குது, அப்புறம் தானா ஓடுது. மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுக்கறாரு."

"லிஃப்டுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ப்பா."

"மனசுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் இல்லியேண்ணே."

டாக்டர் சொன்னபடி ஏறும்போது பேச வேண்டுமே. தனியாக ஏறுகிறவர் யாரோடு பேசுவது? ஆகவே திட்டினார். மாடிக்கு ஓர் ஆளாக ஒதுக்கிக்கொண்டார். மேனேஜருக்கு முதல் மாடி, மச்சானுக்கு மூன்றாவது. தலையைச் சாய்த்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு மாடி போதவில்லை, நான்கும் பாதி ஐந்தும் ஆயிற்று. மாடிப்படிக் கூண்டில் எதிரொலி அதிகம். அவர் மேலே திட்டியது சுவரில் முட்டி முட்டிக் கீழே வந்துசேர மறுநாள் ஆகும். அதனால் திட்டுக் கேட்டவர்கள், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த அவரைச் சந்தேகப்படவே இல்லை.

மறு எக்கோவுக்கு முந்தின நாள் டீச்சர் சீக்கிரம் வந்துவிட்டார். லிஃப்ட் ஏழில் நின்றது. விடைத்தாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். இரண்டாம் மாடி தாண்டும்போது மேலே ஒரு குரல் கேட்டது. தெரிந்த குரல்.

"...முப்பத்தஞ்சு மார்க்கை வச்சுக்கிட்டு எனக்கு வைத்தியம் பாக்க வந்துட்டான். மாப்ள, நீ அரைச்ச சாறு எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா ஒனக்கு இந்நேரம் கொம்பு முளைச்சிருக்கணும்..."

டீச்சர் ஒரு மாடி இடைவெளி விட்டு, சத்தம் போடாமல் பின்னாலேயே ஏறினார். குரல் நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆறாம் மாடித் திருப்பத்தில் அது கொஞ்சம் இறங்கியது.

"இவ இருக்காளே, டீச்சர். ராத்திரி என் மூக்குகிட்டக் கை வச்சுப் பாக்கறா, மூச்சு வருதான்னு. நான் தூங்கற மாதிரி படுத்திருக்கேன். என்னத்தைச் சொல்ல? பயப்படாதேன்னு சொல்லலாம்னா எனக்கே பயமா இருக்கு. அந்த மீதி அம்பது எங்க போச்சுன்னு டாக்டரைக் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டு, போனது போனதுதான்னு சொல்லிட்டா? நாளைக்கு அது நாப்பதுன்னு வந்தா அந்த நாற்காலியில போய் உக்காரணும். லிஃப்ட் வந்துடுங்க, லிஃப்ட் வந்துடுங்கன்னு..."

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்னொரு முறை திறந்தார், அதுவும் காற்று. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரது, கிரீஸா?" என்று கேட்டுக்கொண்டே லிஃப்ட்காரர் நாலு படி இறங்கி வந்து பார்த்தார். பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் கையைக் காட்டினார், இருங்கள் என்று.

"பேச்சு வரலைன்னா ஏறக் கூடாது. டாக்டர் சொன்னாங்க. உக்காரு" என்றார் அவர்.

வெகு நேரம் கழித்து டீச்சருக்குக் குரல் வந்தது. "எத்தனை நாளா நடக்குது இது?"

"ஏறறதா, திட்டறதா?"

"என் தம்பியை என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

"அது சரி. உள்ளதுதான்." டீச்சர் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "மூக்குகிட்டக் கை வச்சது தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒன் கையில சாக்பீஸ் வாசம் அடிக்குது."

டீச்சர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டரைக் கேட்டிருக்கலாமே நீங்க."

"நீ அழுதுகிட்டு இருந்த."

"நான் அழுதா ஒங்க வாயை யாரு தச்சது?"

"கேட்டு வர்ற பதில்ல நீ இன்னும் அழுதா?"

லிஃப்ட்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சேர்ந்து ஏறினார்கள். மேலே கதவு மூடித் திறந்து, மூடித் திறந்து திணறிக்கொண்டிருந்தது. அவர் டேப்பை உரித்தார்.

"என்ன இது?"

"லிஃப்டுக்குக் கண் வலி" என்றார்.

மறுநாள் நெஞ்சு டாக்டர் எக்கோ திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லா வந்திருக்கு. அம்பத்தாறு."

"ஆறு மார்க்குதான் கூடியிருக்கா?" என்றார் டீச்சர்.

"மார்க்கா?"

"நூத்துக்கு அம்பத்தாறுன்னா..."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், நூத்துக்கு நூறு எந்த நெஞ்சும் எடுக்காது. ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள இருக்கற ரத்தம் மொத்தத்தையும் வெளிய தள்ளாது. பாதிக்குக் கொஞ்சம் மேல தள்ளும். மீதி உள்ளேயே இருக்கும். எனக்கும் அப்படித்தான், ஒங்களுக்கும் அப்படித்தான். அறுபது வந்தாலே நல்ல நெஞ்சு. அம்பதுங்கறது கொஞ்சம் குறைவு. பாதி நெஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல."

டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அப்ப வினாத்தாளே அறுபதுக்குத்தானா?" என்றார் டீச்சர் மெல்ல. அவர் உதடுகள் அசைந்தன. "அப்படின்னா போன தடவை எம்பத்து மூணு. இப்ப தொண்ணூத்து மூணு."

"அப்படிக் கணக்குப் போடக் கூடாது டீச்சர்."

"கணக்கு என் பாடம் டாக்டர்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் காதுவரை ஏறியது. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னம்மா? மூணு மாசமா என்னை அரை ஆளா உக்கார வச்சு, உப்பைப் புடுங்கி, நடையைப் புடுங்கி..."

"சொன்னேன் சார். ரெண்டு தடவை சொன்னேன். அவங்க அழுதுகிட்டு இருந்தாங்க, நீங்க அவங்களையே பாத்துகிட்டு இருந்தீங்க."

லிஃப்ட்காரர் அதை அங்கேயே விட்டார். முக்கியமானதைக் கேட்டார். "கிணத்துல இறங்கலாமா?"

டாக்டர் அவர் வேலையை விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "போங்க. பாரம் தூக்கறதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. உப்பு கம்மிதான், ஆனா சுத்தமா இல்லாம இல்ல. நடையை விடாதீங்க. வருஷா வருஷம் வந்து எக்கோ எடுத்துக்கணும்."

"இதெல்லாம் எத்தனை வருஷத்துக்கு?"

"எத்தனை வருஷம் இருக்கறதா உத்தேசம்?" என்றார் டாக்டர்.

லிஃப்ட்காரர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாற்காலி தப்பியது, கிணறு திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆயுள் முழுக்க இந்தப் பெண்ணிடம் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பாஸ் ஆனவனுக்கு விடுமுறை விடாத பள்ளிக்கூடம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

மச்சானை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட்காரர் வேலையில் சேர்ந்தார். கிரீஸ் சாவிக் கொத்தை அவர் கையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். மாலையில் வீடு திரும்பும்போது படிதான். டீச்சரும் கூடவே ஏறுகிறார். படியில் உட்கார்ந்த அந்த நாள் அவருக்கு மறக்கவில்லை. தன் நெஞ்சுக்கும் வயசாகிறது என்கிறார். இப்போது அவருக்கும் மூச்சு வாங்குவதில்லை. கீழ்ப் படியில் ஆரம்பிக்கிற பேச்சு ஏழாம் மாடிக் கதவு திறக்கிறவரை நிற்பதில்லை. பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியை, தொண்ணூறு வாங்காத பிள்ளைகள், நேற்று லிஃப்ட்காரர் திருட்டுத்தனமாகத் தின்ற சிப்ஸ், எல்லாம் வருகிறது. ஏறும்போது பேச வேண்டும் என்பது தன் வைத்தியம், தன் முறை எப்போது என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கேட்டார். நீங்கள் மூச்சை மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தது. அவருக்குத் திட்ட ஆள் இருக்கிறது, சொல் இருக்கிறது, நெஞ்சும் இருக்கிறது. மாடிதான் ஒன்றுகூட மிச்சமில்லை.

டப்பாவைத் தொட்டுச் சத்தியம் செய்தாயிற்று, ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும்: அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குத் தரைத்தளத்துக்கு மேல் தளமே கிடையாது.